மூன்றாம் முயற்சி, பதினான்கு கஜம்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஒஹாயோ மாநிலம் டொலிடோ நகரில், டொலிடோ தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் அணி அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில், ஜன்னல் இல்லாத கூட்ட அறையில், கோர்டெல் கிலோரி என்னும் இருபத்திரண்டு வயது இளைஞனின் பெயர் எழுதிய அட்டை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் கிலோரி ஆடிய ஆட்டங்களில் ஆறினை மைதானத்துக்கே போய்ப் பார்த்தவர் ஒருவர்தான். ஆர்டிஸ் ஹால்வர்சன் என்னும் பெண்மணி.

ஆர்டிஸுக்கு வயது அறுபத்தொன்று. வளைகுடாக் கடலோர மாநிலங்களின் கல்லூரிகள் அனைத்தும் அவர் பொறுப்பில் இருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை காரோட்டிச் சென்று பையன்களைப் பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும், எழுதியதற்கு ஓர் எண்ணைப் போடுவதுமே அவருடைய வேலை. ஏழுக்கு மேல் எண் பெறுபவன் முதல் நாளிலிருந்தே களத்தில் இறங்குவான். ஆறுக்கு மேல் பெறுபவன் ஓராண்டில் தேறுவான். ஆறைத் தொடாதவனுக்கு அந்த அணியில் இடமில்லை. 'நல்ல', 'அருமையான' ஆகிய சொற்களை ஆர்டிஸ் தம் அறிக்கைகளில் எழுதியதில்லை. இளையவர்கள் எழுதிக் கொண்டுவந்தால் அடித்துத் திருப்பி அனுப்புவார். கிலோரிக்கு அவர் கொடுத்திருந்த எண் ஆறு புள்ளி மூன்று.

அந்த அலுவலகத்தில் ஒரே ஆட்டக்காரனை இருவர் தனித்தனியே கணிப்பார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் கூட்டத்துக்கு முன் படிக்கக்கூடாது. இரண்டாம் கணிப்பை எழுதியவன் பிரிட்சர்ட். முப்பத்து நான்கு வயது, வாய்த்துடுக்கு, ஆனால் சோம்பேறி அல்லன். அவன் கொடுத்திருந்த எண் ஐந்து புள்ளி ஆறு.

தலைமை மேலாளர் லைல் டன்னிகன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"கிட்டத்தட்ட முக்கால் புள்ளி தள்ளி நிக்கிறீங்க ரெண்டு பேரும். யாரோ ஒருத்தர் கண்ணுல கோளாறு."

"என் கண்ண போன மாசம்தான் டாக்டர் பாத்தார்" என்றார் ஆர்டிஸ். "குறை ஒண்ணும் இல்லன்னார்."

"அப்ப கோளாறு எனக்குத்தான்னு சொல்றீங்க" என்றான் பிரிட்சர்ட்.

"நீ டாக்டர்கிட்ட போனியா இல்லையான்னு எனக்குத் தெரியாதே."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. பிரிட்சர்டும் சிரித்தான். சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்துத் திரையில் படத்தை ஓட்டினான்.

கிலோரி ஆடுவது கார்னர்பேக் இடத்தில். மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டித் தனியே நின்று, எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடிவரும் எதிரியை மறிப்பது அவன் வேலை. மற்ற இடங்களில் ஒருவன் பிழை செய்தால் பக்கத்தில் இருப்பவன் மூடி மறைக்கலாம். கார்னர்பேக் பிழை செய்தால் எழுபதாயிரம் பேருக்குத் தெரியும்.

திரையில் ஓடியது, முந்தைய ஆண்டு அக்டோபர் 13 அன்று கிலோரியின் கல்லூரி தோற்ற ஆட்டம். இரண்டாம் பகுதியில் எதிரணிக்காரன் ஒருவன் கிலோரியைக் கடந்து பின்னால் ஓடினான். கிலோரி எட்டுக் கஜம் கூடவே போய் நின்றுவிட்டான். பந்து அவன் தலைக்கு மேலே பறந்துபோய், ஆளில்லாத வெளியில் ஓடியவன் கையில் விழுந்தது; அவன் எல்லைக் கோட்டைத் தாண்டினான். டச்டவுன். மூன்றாம் பகுதியிலும் அதே இடம், அதே ஓட்டம், அதே முடிவு.

"பாருங்க" என்றான் பிரிட்சர்ட். "பந்து மேல போகுது, ஐயா நின்னு வேடிக்கை பாக்குறார். பஸ்ஸுக்கு நிக்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் பரபரப்பா நிப்பான்."

"ரெண்டு தடவையுமா?" என்றார் டன்னிகன்.

"ரெண்டு தடவையும். நான் சொல்றது இருக்கட்டும், அவனே ஒத்துக்கிட்டான். இண்டியானபோலிஸ் தேர்வு முகாம்ல கால் மணி நேரம் உக்கார வச்சுப் பேசினோம்ல, அப்ப இதே படத்தப் போட்டுக் கேட்டேன், இது யார் தப்புன்னு. 'என்னுது சார்'ன்னான். அடுத்ததப் போட்டேன். 'அதுவும் என்னுதுதான் சார்'ன்னான். எழுதி வச்சிருக்கேன்."

டன்னிகன் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன எழுதியிருக்கீங்க இதுக்கு?"

ஆர்டிஸ் தம் அறிக்கையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. "கவனப் பிசகு, ரெண்டு முறை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததுமே அந்த விடை அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆறு ஆட்டங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட எறிதல்களை அவன் மறித்த விதத்தைப் பார்த்தவர் அவர். அதனால் இந்த இரண்டையும் மன்னித்துவிட்டார். மன்னிப்பது அவர் வேலை அன்று. ஏன் நின்றான் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை; அதை அவர் செய்யவில்லை.

அறையின் இடச்சுவரில், அணி எடுக்க விரும்பும் ஆட்டக்காரர்களின் அட்டைகள் டிராஃப்டின் சுற்றுவாரியாகக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வலச்சுவர் வேண்டாதவர்களுக்கு. அந்தச் சுவருக்குப் போன அட்டை எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. டன்னிகன் கிலோரியின் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"லைல்" என்றார் ஆர்டிஸ். "மதியம் ஒரு மணி வரைக்கும் அதக் கையிலயே வச்சிருங்க."

"ஒரு மணிக்கு என்ன மாறப்போகுது?"

"ஒண்ணும் மாறலன்னா நானே எடுத்து அந்தச் சுவத்துல ஒட்டுறேன்."

டன்னிகன் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

*

படம் பார்க்கும் சிற்றறையில் ஆர்டிஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வோர் ஆட்டத் துணுக்கையும் மூன்று தடவை பார்ப்பார். முதல் தடவை கால்கள், இரண்டாம் தடவை தலையும் கண்ணும், மூன்றாம் தடவை கைகள். கார்னர்பேக்கின் கைகளுக்குப் பந்து எறியப்பட்ட பிறகுதான் வேலை என்பதால், மூன்றாம் தடவை படத்தை அந்த நொடியிலிருந்துதான் ஓட்டுவார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான்.

இன்று படத்தை முன்னே தள்ளாமல், பந்து நகர்வதற்கு முன்னிருந்தே கைகளைப் பார்த்தார். தொலைக்காட்சிப் படம் இதற்குப் பயன்படாது. மைதானத்தின் ஒரு கோடியில், உயரத்தில், பயிற்சியாளர்களுக்கென்று வைக்கும் கேமராவின் படம் வேண்டும். அதில் இருபத்திரண்டு பேரும் தெரிவார்கள்.

இரண்டாம் பகுதி, முதல் டச்டவுன். எதிரணி வரிசையில் குனிந்து நிற்கிறது. கிலோரி வலக்கையால் தன் தொடையில் இரண்டு முறை தட்டுகிறான். பின்னால் பதினைந்து கஜம் தள்ளி நிற்கும் 31ஆம் எண் பையன் தன் தலைக்கவசத்தைத் தொடுகிறான். பந்து நகர்கிறது. கிலோரி எட்டுக் கஜத்தில் நிற்கிறான். 31 எதிர்ப்பக்கமாக ஓடுகிறான்.

ஆர்டிஸ் படத்தை நிறுத்தினார். மூன்றாம் பகுதி, இரண்டாம் டச்டவுன். தொடையில் இரண்டு தட்டு, தலைக்கவசத்தைத் தொடும் கை, கிலோரி நிற்கிறான், 31 மறுபடியும் எதிர்ப்பக்கமாக ஓடுகிறான்.

மற்ற ஐந்து ஆட்டங்களின் படங்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். அந்த இரண்டு தட்டு நாற்பத்தொரு முறை இருந்தது. அந்த நாற்பத்தொரு முறையும் பின்னால் நின்றவன் 4ஆம் எண். கவசத்தைத் தொட்டுவிட்டு, கிலோரிக்குப் பின்னால் இருக்கும் வெளியை நோக்கியே ஓடினான். அக்டோபர் 13 அன்று முதல் பகுதியிலேயே 4ஆம் எண் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியேறியதும் படத்தில் இருந்தது. அவன் இடத்துக்கு வந்தவன்தான் 31.

மணி பதினொன்றரை. தட்டுக்கு இன்னதுதான் பொருள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததாகத் தாமே முடிவு செய்துகொள்வது வேறு, உறுதி செய்துகொள்வது வேறு. லூயிசியானாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, கிலோரியின் கல்லூரிப் பயிற்சியாளர் ப்ரூசாரைப் பிடித்தார்.

"வணக்கம் மேடம்" என்றார் ப்ரூசார். "நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரியும். அந்த அக்டோபர் ஆட்டந்தான?"

"அதேதான் கோச்."

"கோர்டெல் என்ன சொன்னானோ அதுதான் என் பதிலும். யாருக்கும் மேல ஒரு வார்த்த சொல்லமாட்டேன். ஓரத்துல நிக்கிறவன் தலைக்கு மேல போற பந்து அவன் கணக்கு. வெளியாள் கேட்டா எங்க பசங்க அப்படித்தான் சொல்லணும். அது என் வீட்டுச் சட்டம்."

"யார் தப்புன்னு நான் கேக்கல."

"பின்ன?"

"தொடையில ரெண்டு தட்டு தட்டுறானே, அதுக்கு என்ன அர்த்தம்?"

ப்ரூசார் சிரித்தார்.

"மூணு வருஷமா எங்களுக்கு எதிரா ஆடுற ஒருத்தனும் அதக் கண்டுபிடிக்கல மேடம்."

"அவங்களுக்கெல்லாம் மறிக்க வேண்டிய வேலை இருந்துச்சு. எனக்குப் பாக்குற வேலை மட்டுந்தான்."

"எப்படியும் இந்த வருஷம் மாத்தப்போறோம், சொல்லிடறேன். 'நான் கிட்டக்க நிக்கிறேன், பின்னால நீ பாத்துக்கோ'ன்னு அர்த்தம். தலையத் தொட்டா 'சரி'ன்னு அர்த்தம்."

"தொட்டுட்டு வேற பக்கம் ஓடினா?"

"மேடம், அந்தப் பையன் முதல் வருஷம். இன்னும் மூணு வருஷம் என்கிட்ட ஆடணும். அவன் பேரு என் வாயிலேருந்து வராது."

"அவன் பேரு எனக்கு வேண்டாம் கோச். நம்பர் படத்துலயே இருக்கு. ரொம்ப நன்றி."

மணி பன்னிரண்டு ஐந்து. கீழே சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் போகவில்லை. அக்டோபர் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அந்த இரண்டு தட்டு இன்னும் ஒரு முறை இருந்தது. அதை நான்கு தடவை பார்த்தார். பிறகு தம் அறிக்கையை எடுத்து, அதே துணுக்கைப் பற்றித் தம் கையால் எழுதியிருந்த வரியைப் படித்தார்.

எழுதிக் கொடுத்த அறிக்கையில் எவரும் கைவைக்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் விதி. தவறு இருந்தால் எழுதியவர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று பழைய வரியை உரக்கப் படித்துவிட்டு, புதிய வரியைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சிவப்பு மையில் திருத்தம் ஏறும். ஆர்டிஸ் அவ்வாறு ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை. ஆனால் ஈராண்டுக்கு முன், ஒருவனின் கை அளவைக் கால் அங்குலம் தவறாக எழுதியதற்காகப் பிரிட்சர்டை எழுந்து நிற்கவைத்தவர் அவரே.

*

ஒரு மணிக்கு ஆர்டிஸ் திரையருகே நின்று, முதல் இரண்டு துணுக்குகளையும் காட்டி, தட்டையும் தலைக்கவசத்தையும் சுட்டி, ப்ரூசார் சொன்னதைச் சொன்னார். கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லாமல் நான்கு நிமிடத்தில் முடித்தார்.

பிரிட்சர்ட் முன்னால் சாய்ந்து பார்த்தான். "அப்ப ஏன் 'என்னுது'ன்னான்?"

அதற்கு விடை சொன்னவர் ஆர்டிஸ் அல்லர், ஆஸ்பி. அணியின் தற்காப்புப் பயிற்சியாளர், ஒரு காலத்தில் பதினோராண்டு கார்னர்பேக்காக ஆடியவர், அன்று காலை முழுவதும் வாயே திறக்காதவர்.

"தம்பி, இண்டியானபோலிஸ்ல எவன்டா 'என் தப்பு இல்ல'ன்னு சொல்லியிருக்கான்? அடுத்தவனக் கைகாட்டினா நாமதான் புள்ளியக் குறைக்கிறோம். குறைப்போம்னு அவனுங்களுக்கும் தெரியும். நானே அந்த நாற்காலியில உக்காந்து ஏழு தப்ப என் தப்புன்னு சொன்னவன். அதுல நாலு நான் களத்துலயே இல்லாதப்ப நடந்தது."

சிரிப்பு அடங்கும்வரை ஆஸ்பி காத்திருந்தார். பிறகு ஆர்டிஸைப் பார்த்தார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு மேடம். முதல் தடவ அந்தப் பொடியன் ஏமாத்திட்டான், சரி. ரெண்டாவது தடவையும் இவன் அவன நம்பி நின்னானே, அது ஏன்? ஒரு தடவ சுட்டா பத்தாதா? எனக்கு வேண்டியது சொன்னத மட்டும் செய்யிறவன் இல்ல. பின்னால என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு ஆடுறவன்."

டன்னிகன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கிலோரி எந்தச் சுவருக்குப் போவான் என்பது இந்தக் கேள்விக்கான விடையில் இருந்தது என்று அறையிலிருந்த அனைவருக்கும் தெரியும்.

"ரெண்டாவது தடவ நம்பினான், உண்மைதான்" என்றார் ஆர்டிஸ். "மூணாவது தடவ நம்பல."

படத்தை ஓட்டினார். கடைசிப் பகுதி, ஆட்டம் முடிய ஆறு நிமிடம். எதிரணிக்கு இது மூன்றாம் முயற்சி. பந்தைத் தக்கவைத்துக்கொள்ள இன்னும் பதினான்கு கஜம் வேண்டும். கிலோரி தொடையில் இரண்டு முறை தட்டினான். 31 தலைக்கவசத்தைத் தொட்டான். பந்து நகர்ந்ததும், கிலோரி கிட்ட நிற்காமல் திரும்பிப் பின்னால் ஓடினான். 31 இம்முறையும் எதிர்ப்பக்கம் போயிருந்தான். வெற்றுவெளியென்று நம்பி எறியப்பட்ட பந்தைக் கிலோரி விரல்நுனியால் தட்டிக் கீழே தள்ளினான்.

"தொடையில தட்டிட்டு ஏன் பின்னால ஓடினான்?" என்றார் டன்னிகன்.

"எதிராளி எவனாவது அத கவனிச்சு வச்சிருந்தா, தட்டாம விட்டதும் என்னமோ மாறிடுச்சுன்னு கண்டுபிடிச்சிருவான்."

ஆஸ்பி விடவில்லை. "கிட்டக்க இருக்கிற இடத்தக் காலி பண்ணிட்டுப் போயிட்டானே. எறியிறவன் அதப் பாத்துச் சின்னதா ஒண்ணு எறிஞ்சிருந்தா எட்டுக் கஜம் சும்மா கிடைச்சிருக்கும்."

"எட்டுக் கஜம்" என்றார் ஆர்டிஸ். "வேண்டியது பதினாலு."

ஆஸ்பி திரையைப் பார்த்தார். படத்தின் மூலையில் இருந்த சிறிய எழுத்துகளைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

"எட்டுக் கஜம் போனா போகட்டும்னு விட்டிருக்கான்."

"முதல் ரெண்டு தடவையும் ரெண்டாம் முயற்சி, வேண்டியது அஞ்சு கஜம், ஆறு கஜம். அப்ப அந்த இடத்த விட்டுப் போக முடியாது. இந்தத் தடவ போகலாம். கணக்குப் போட்டுட்டுத்தான் போனான்."

"அந்த அவசரத்துலயா?" என்றான் பிரிட்சர்ட்.

"அந்த அவசரத்துலதான்" என்றார் ஆஸ்பி. "அந்தக் கணக்கு வராதவனுக்குத்தான் நான் மூணு வருஷமா சம்பளம் வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

ஆர்டிஸ் மேசைக்குத் திரும்பி வந்து தம் அறிக்கையை எடுத்தார். உட்காரவில்லை.

"பக்கம் மூணு, வரி ஒன்பது. நான் எழுதினது: 'கடைசிப் பகுதியில் இடம் தவறி நின்றான், பந்தைத் தட்டியது அதிர்ஷ்டம்.' இது தப்பு. இடம் தவறல, அதிர்ஷ்டமும் இல்ல. இப்படி எழுதிக்கோங்க: 'துணை வராது என்று அறிந்து, விட்டுக்கொடுக்கக் கூடியது எவ்வளவு என்றும் அறிந்து, தானாக இடம் மாறித் தடுத்தான்.' பக்கம் ரெண்டு, வரி நாலு: 'கவனப் பிசகு, இரண்டு முறை.' அத எடுத்துடுங்க. அந்த ரெண்டும் அவன் பிசகு இல்ல."

மேசை ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பேனா தாளில் உரசும் ஒலி கேட்டது.

பிரிட்சர்டால் சும்மா இருக்க முடியவில்லை. "இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவ. இந்த நாளுக்காக நான் ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன் ஆர்டிஸ். கால் அங்குலத்துக்கு என்னை நிக்க வச்சீங்க."

"கால் அங்குலத்துக்கு ஒரு தடவ நின்ன. நான் ரெண்டு வரிக்கு நிக்கிறேன். உன்னவிட ஒண்ணு கூட. போதுமா?"

"போதும்" என்றான் அவன், மனநிறைவோடு.

டன்னிகன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப எண்ணு என்ன? ஆறு புள்ளி ஆறு போடலாமா? ரெண்டாம் சுத்துலயே எடுத்துடலாம்."

"கூடாது" என்றார் ஆர்டிஸ்.

"இவ்வளவு சொல்லிட்டு?"

"இடப்பக்கம் திரும்புறப்ப அவனுக்கு ஓர் அடி கூடத் தேவப்படுது. ஆறு ஆட்டத்துலயும் அப்படித்தான். கை நீளம் குறைச்சல். பெரிய உடம்புக்காரன மல்லுக்கட்டிக் கீழ தள்ளுறதுன்னா ஒதுங்குவான், அதயும் எழுதியிருக்கேன். இதெல்லாம் காலைல இருந்த மாதிரியேதான் இருக்கு. மூளை இருக்குன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது, கால் வேகமாயிடல. ஆறு புள்ளி மூணு."

"மூளை இருக்கிறவனுக்குப் புள்ளி ஏத்தக் கூடாதா?" என்றார் ஆஸ்பி.

"மூளை இருக்கும்னு நெனச்சுத்தான் அந்த மூணு போட்டேன், கோச். அப்ப ஆதாரம் இல்லாம போட்டேன். இப்ப ஆதாரம் இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்."

டன்னிகன் வாய்விட்டுச் சிரித்தார். பிரிட்சர்ட் தன் தாளை இழுத்து, ஐந்து புள்ளி ஆறை அடிக்காமல், விதிப்படி எழுந்து நின்றான். பழைய எண்ணைப் படித்தான். "ஆறு புள்ளி ரெண்டு" என்றான். "மூணு இல்ல. எல்லாத்துலயும் அவங்க சொல்றதே சரின்னு ஒத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

அது ஆர்டிஸுக்கு ஏற்புடைய நியாயமாகவே பட்டது.

அன்று பிற்பகல் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு முடிவானவை இவை. கோர்டெல் கிலோரிக்கு இறுதி எண் ஆறு புள்ளி மூன்று என்று பதிவு செய்யப்பட்டது. அவன் அட்டை இடச்சுவரில், மூன்றாம் சுற்றின் நெடுவரிசையில், மேலிருந்து நான்காம் இடத்தில் ஒட்டப்பட்டது. அதற்கு முன் இரண்டாம் சுற்றில் அவனை எடுப்பதில்லை என்றும், மூன்றாம் சுற்றில் அணியின் முறை வரும்போது அவன் மீதியிருந்தால், மேலே உள்ள மூவரும் போயிருக்கும் நிலையில், வேறு பேச்சின்றி அவனை எடுப்பதென்றும் டன்னிகன் எழுதிக் கையொப்பமிட்டார். ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, மூன்றாம் சுற்றில் அணியின் முறை வந்தது. மேலே இருந்த மூவரையும் வேறு அணிகள் எடுத்துக்கொண்டிருந்தன. டொலிடோ அணி கிலோரியை எடுத்தது.